நாலு உறை, ஒன்பது வழி

கரஸில், அதாவது அஞ்சல் வழியில், கணக்குப் படிக்க முடியாது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தமிழ் படிக்கலாம், வரலாறு படிக்கலாம், வணிகவியலைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். கணக்குக்கு மட்டும் கரும்பலகையும் வாத்தியாரும் எதிரில் இருந்தாக வேண்டும் என்பார்கள். எல்லாக் கணக்குக்கும் சேர்த்து நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் என்று ஒரு தாள் இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்துவிடக்கூடிய பொருள்களைப் பற்றிய கணக்கு அது. வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்துத் தேறியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவர்களுக்கென்றே அமைந்த கணக்கு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

காரணம் ரொம்ப எளிது. இதில் நம் விடை சரியா என்று யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கேள்வியில் நூறு பொருள் இருந்தால் அதை நாலாகக் குறைத்துக்கொள்ளலாம். நாலுக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிவிடலாம். சூத்திரம் 9 என்று சொல்கிறதா, பட்டியலிலும் 9 இருக்கிறதா, சரி, மேலே போகலாம். அதோடு அந்தப் பட்டியலை ஒழுங்காக எழுதியிருந்தால், சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். படித்தவள். பிளஸ் டூவில் கணக்கு இருந்ததால் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. சேர வழி இருந்தது. இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வியை 1962-ல் தொடங்கியது டெல்லிப் பல்கலைக்கழகம். எங்கள் பக்கத்தில் கரஸ் என்றாலே முதலில் வாயில் வருவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். இக்னோ 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது. அதில் ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வுகள் உண்டு என்பது எனக்குப் பெரிய உதவி. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்றைக்குப் பிடிக்கும் வேலை வருடக் கடைசி வரை மூச்சு விடாது. டிசம்பரில் எங்கள் ஆள் ஒருவர் தேர்வு எழுதப் போகிறேன் என்று விடுப்புக் கேட்கவே முடியாது. ஆகவே கடினமான தாளையெல்லாம் ஜூனுக்கு வைத்துக்கொண்டேன்.

நான் படித்தது பழைய பாடத்திட்டம். தாளின் எண் எம்.சி.எஸ்.-013. 2021-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் எம்.சி.எஸ்.-212 அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதில் கிராஃப் தியரியெல்லாம் சேர்ந்து தாள் பெரிதாகியிருக்கிறது. 013-ல் இரண்டே தொகுதிகள். முதல் தொகுதியில் தர்க்கம், நிரூபண முறைகள், பூலியன் இயற்கணிதம். இரண்டாவதில் கணங்கள், எண்ணும் முறைகள், பிரிவினைகள். அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75 சதவீதம். அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கணக்கு கையில்தான் ஏறும்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் அண்ணன் பாடம் உண்டு, ஃபைனைட் மேத்தமேட்டிக்ஸ் என்று பெயர். டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கெமெனி, லாரி ஸ்னெல், ஜெரால்ட் தாம்சன் மூவரும் 1957-ல் அந்தப் பெயரில் ஒரு பாடநூல் எழுதினார்கள். கல்லூரிக்கு வந்தால் எல்லாருக்கும் முதல் கணக்கு கால்குலஸ்தான் என்றிருந்த காலம். சமூகவியல், உளவியல், வணிகம் படிக்கிறவர்களுக்கும் பயன்படுகிற நவீனக் கணக்கு ஒன்று உண்டு என்று அவர்கள் தர்க்கம், கணம், நிகழ்தகவு, அணிகள் எல்லாவற்றையும் ஒரே நூலில் கொண்டுவந்தார்கள். அதே கெமெனிதான் 1964-ல் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கினார். கணினியும் கணிதக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது அவர் எண்ணம். பி.காம். படித்துவிட்டு அச்சகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருத்தியை மனதில் வைத்துத்தான் அவர் அதைச் செய்தார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போர்மேன் அண்ணாச்சி கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். மாதக் காலண்டருக்கான தேதிக் கட்டங்கள், மொத்தம் 14 கோப்புகள். “பதினாலு இருந்தாப் போதும்மா. எந்த வருசம் வந்தாலும் இதுல ஒண்ணுதான்” என்றார். ஜனவரி 1 ஏழு கிழமைகளில் ஏதோ ஒன்றில் வரும். வருடம் சாதாரண வருடமாக இருக்கும், இல்லாவிட்டால் லீப் வருடமாக இருக்கும். ஏழை இரண்டால் பெருக்கினால் 14. 2025-ன் கட்டம் 2014-ன் கட்டமேதான். 2024-க்கு 1996-ஐ எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாள்களைத் திருத்தினால் வேலை முடிந்தது.

இக்னோ புத்தகத்தில் எண்ணும் முறைகள் தொடங்கும் இடத்தில் பெருக்கல் விதி என்று ஒரு கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். அண்ணாச்சி சொன்னது அதுதான் என்று தெரிந்ததும் எனக்கு அந்த அலகு முழுக்கச் சொந்தமாகிவிட்டது. மேலே போய்ப் பார்த்தேன். நம் நாட்காட்டியில் 400 வருடங்களுக்கு 146097 நாள்கள். அது ஏழால் மீதியில்லாமல் வகுபடும், சரியாக 20871 வாரங்கள். அப்படியானால் 400 வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் அச்சுப் பிசகாமல் திரும்பி வரும். 2000 சனிக்கிழமை பிறந்தது. 2100 வெள்ளிக்கிழமை பிறக்கும், 2200 புதன்கிழமை, 2300 திங்கள்கிழமை, 2400 மறுபடி சனி. ஆக, நூறால் வகுபடும் ஒரு வருடம் ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று கிழமைகளில் எக்காலத்திலும் பிறக்காது. ‘எக்காலத்திலும்’ என்ற வார்த்தையை இவ்வளவு தைரியமாகச் சொல்ல எனக்கு வேண்டியிருந்தது நாலே நாலு கூட்டல். எண்ணி முடிக்கக்கூடிய ஒன்றின் பலம் இதுதான். ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிட்டால் அதற்கு வெளியே எதுவும் மிச்சமில்லை.

மதுரைக்கு வகுப்புக்குப் போனபோது அங்கே பாடம் எடுத்த சார் ஒருவர் சொன்னதை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். “எழுத்தப் பார்த்துப் பயப்படாதீங்க மேடம். அந்த எடத்துல மூணு போடுங்க, அப்புறம் நாலு போடுங்க. எழுதி முடிச்சுட்டு வந்து எங்கிட்டக் கேளுங்க.” பெரும்பாலும் எழுதி முடித்தபின் கேட்க ஒன்றும் இருக்காது.

அப்படி எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது உறைக் கணக்கு. நாலு பேருக்குக் கல்யாண அழைப்பிதழ். அழைப்பிதழிலும் பெயர் இருக்கிறது, உறையிலும் பெயர் இருக்கிறது. ஓர் அழைப்பிதழ்கூடத் தனக்குரிய உறைக்குள் போகாதபடி எத்தனை விதமாகப் போடலாம்? நாலு பேருக்கும் 1, 2, 3, 4 என்று எண் கொடுத்துவிட்டு, முதல் உறையில் எது, இரண்டாவதில் எது என்று வரிசையாக எழுதினால் இப்படி வரும்:

2143, 2341, 2413
3142, 3412, 3421
4123, 4312, 4321

மொத்தம் ஒன்பது. இதற்கு மேல் கிடையாது.

இப்போது அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று வரிகள், வரிக்கு மூன்று. முதல் உறைக்குள் 1 போகக் கூடாது, ஆகவே 2, 3, 4 என்று மூன்று வாய்ப்பு. மூன்று வரிகள் வந்தது அதனால்தான். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் முதல் உறைக்குள் 2 போய்விட்டது. வெளியே நிற்கும் 1 எங்கே போகும்? ஒன்று, அது இரண்டாம் உறைக்கே போகலாம். அப்போது 1-ம் 2-ம் இடம் மாற்றிக்கொண்டதாக ஆகிவிடும். மிச்சம் இருக்கும் 3, 4 தங்களுக்குள் மாற வேண்டும், அதற்கு ஒரே வழி. அது 2143. இல்லாவிட்டால் 1 இரண்டாம் உறைக்குப் போகாது. அப்படியானால் 1, 3, 4 மூன்றுக்கும் தலைக்கு ஓர் உறை தடை. மூன்று பேர், மூவருக்கும் ஓர் உறை கூடாது: இது அதே கணக்கு, மூன்று பேருக்கு. அதற்கு இரண்டு வழி. அவை 2341, 2413. ஆக ஒரு வரிக்கு ஒன்றும் இரண்டும் மூன்று. மூன்று வரிக்கு ஒன்பது.

ஐந்து பேர் வந்தால்? வரிகள் நாலு. ஒவ்வொரு வரியிலும், இடம் மாற்றிக்கொண்டால் மிச்சம் மூன்று பேர் கணக்கு, அது 2. மாற்றிக்கொள்ளாவிட்டால் நாலு பேர் கணக்கு, அது 9. நாலு முறை பதினொன்று, 44. ஆறு பேருக்கு ஐந்து முறை 53, அதாவது 265. இதைப் புத்தகம் ஒரு சூத்திரமாகத் தந்திருக்கலாம், நான் மனப்பாடம் செய்திருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது எண்ணையும் ஒழுங்காக அடுக்கி எழுதிய பிறகு மனப்பாடம் செய்ய அங்கே ஒன்றுமே இல்லை. அடுக்கிய விதமே நிரூபணமாகிவிட்டது.

தேர்வில் கேட்பது வேறு வழியில் செய்யச் சொல்லி. சேர்த்தும் நீக்கியும் எண்ணும் முறை அது. மொத்தம் 24 வழி. முதல் அழைப்பிதழ் சரியாக விழுந்தவை 6. இப்படி நாலு பேருக்கும் ஆறாறாகக் கழித்தால் 24 போய்விடும். ஆனால் இரண்டு சரியாக விழுந்தவற்றை இருமுறை கழித்துவிட்டோம், அதற்காக 12-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். மூன்றுக்காக 4-ஐக் கழித்து, நாலுக்காக 1-ஐக் கூட்டினால் 9. ஏன் இப்படிக் கூட்டியும் கழித்தும் போனால் சரியாக வருகிறது என்று கேட்டால், ஒரே ஒரு வழியைக் கையில் பிடித்துக்கொண்டு பாருங்கள் என்பேன். நாலு அழைப்பிதழும் சரியாக விழுந்த அந்த ஒரு வழி இந்தக் கணக்கில் எத்தனை தடவை வருகிறது? முதலில் ஒருமுறை கூட்டினோம், அப்புறம் நாலு முறை கழித்தோம், ஆறு முறை கூட்டினோம், நாலு முறை கழித்தோம், கடைசியில் ஒருமுறை கூட்டினோம். எல்லாம் போய்ப் பூஜ்யம். வேண்டாத வழி ஒவ்வொன்றும் இப்படியே பூஜ்யமாகிவிடுகிறது, வேண்டிய வழி மட்டும் ஒன்றாக நிற்கிறது.

இந்தக் கணக்கை முதலில் கேட்டவர் பிரான்சைச் சேர்ந்த மோன்மோர், 1708-ல், ஒரு சீட்டு விளையாட்டை வைத்து. இதில் என்னை உலுக்கியது கடைசியில் வரும் செய்தி. நாலு பேருக்கு 24-ல் 9, அதாவது 0.375. ஆறு பேருக்கு 720-ல் 265, அதாவது 0.368. அதற்கு மேல் நூறு பேர் ஆனாலும் ஆயிரம் பேர் ஆனாலும் அந்த 0.368 அசைவதே இல்லை. ஆயிரம் அழைப்பிதழைக் கண்ணை மூடிக்கொண்டு உறையில் போட்டால் ஒன்றுகூடச் சரியாக விழாமல் போகும் வாய்ப்பும், ஆறு அழைப்பிதழுக்கு உள்ள வாய்ப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. நான் இதைச் சொன்னபோது அண்ணாச்சி நம்பவில்லை. ஆயிரம் போட்டால் ஒன்றாவது சரியாக விழாதா என்றார். ஆயிரம் இருக்கும்போது ஒவ்வொன்றும் சரியாக விழும் வாய்ப்பும் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறதே அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆமா, ரெண்டும் சரிக்குச் சரியாப் போகுது” என்றார்.

பட்டியல் போடும் புத்தி நம் ஆள்களுக்குப் பழையது. மகளுக்குத் தமிழ் இலக்கணத்தில் அலகிடுதல் சொல்லிக்கொடுத்தபோது இது கண்ணில் பட்டது. அசை இரண்டே இரண்டு, நேர், நிரை. ஓரசைச் சீர் இரண்டு: நாள், மலர். ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். இவற்றின் பின்னால் நேர் வந்தால் காய், நிரை வந்தால் கனி. ஆக மூவசைச் சீர் எட்டு. நாலசைச் சீர் பதினாறு. இரண்டு, நாலு, எட்டு, பதினாறு, மொத்தம் முப்பது. முப்பதுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். வாய்ப்பாடு என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். பெருக்கல் விதிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. தேமாவுக்குப் பிறகு காயும் வரலாம், கனியும் வரலாம். புளிமாவுக்குப் பிறகும் அப்படியே. முன்னால் எது வந்தாலும் பின்னால் வரும் வாய்ப்புகளின் எண்ணிக்கை மாறவில்லை.

மாறினால் என்ன ஆகும் என்பதும் என் மேசையிலேயே இருந்தது. தினசரி காலண்டர் தாளில் மாதம், திதி, நட்சத்திரம் மூன்றும் போடுவோம். மாதம் 12, திதி 30, நட்சத்திரம் 27. பெருக்கினால் 9720. அத்தனை விதமான தாள்கள் வர முடியுமா? முடியாது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் என்று பௌர்ணமியை ஒட்டி வரும் திருநாள்களின் பெயரைச் சொன்னாலே காரணம் தெரிந்துவிடும். மாதம் என்பது சூரியன் நிற்கும் இடம். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. இரண்டும் தெரிந்துவிட்டால் சந்திரன் ஏறக்குறைய எங்கே நிற்கும் என்பது முடிவாகிவிடுகிறது. நட்சத்திரம் அதைத் தாண்டிப் போக முடியாது. கணக்குப் போட்டே பார்த்தேன். ஒரு மாதத்துக்கு 30 பாகை, ஒரு திதிக்கு 12 பாகை, ஆகச் சந்திரன் நிற்கக்கூடிய இடம் 42 பாகை. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. அந்த 42 பாகைக்குள் தலைகாட்டக்கூடிய நட்சத்திரங்கள் நாலு, மிஞ்சினால் ஐந்து. சித்திரை மாதப் பௌர்ணமித் திதியை எடுத்துக்கொண்டால் அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம் என்ற நாலில் ஒன்றுதான் வரும். ஆகவே விடை 9720 அல்ல. 1440-க்கும் 1800-க்கும் இடையில். வாய்ப்புகள் ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். பஞ்சாங்கம் அதைக் கையைப் பிடித்துக் காட்டுகிறது.

இந்தத் தாளில் பலரும் தடுமாறும் இடம் கடைசி அலகு. பொருள்களைப் பெட்டிகளில் போடுவது. பொருள்கள் வேறு வேறா, ஒரே மாதிரியா? பெட்டிகள் வேறு வேறா, ஒரே மாதிரியா? நாலு வகை, நாலுக்கும் நாலு சூத்திரம். தேர்வில் கேள்வியைப் படித்ததும் இது எந்த வகை என்று பிடிபடாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னதாக்கி எழுதினால் குழப்பமே இல்லை. நாலு காலண்டர், இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு பெட்டி காலியாகவும் இருக்கலாம். காலண்டர்கள் வேறு வேறு, பெட்டிகளும் மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்றால் 16 வழி. பெட்டியில் ஊர்ப்பெயர் ஒட்டாவிட்டால் 8. காலண்டர்கள் ஒரே படம், பெட்டிகளில் மட்டும் ஊர்ப்பெயர் என்றால், மதுரைக்கு எத்தனை என்பது மட்டும்தான் கேள்வி: பூஜ்யத்திலிருந்து நாலு வரை, 5 வழி. இரண்டிலும் வித்தியாசம் இல்லையென்றால் நாலும் ஒன்றிலேயே, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், ஆக 3.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பெயரைக் கிழித்தால் 16 பாதியாகி 8 ஆனது. அதே பாதி விதி அடுத்ததில் செல்லாது. 5-ல் பாதி 3 இல்லையே. இரண்டும் இரண்டும் என்ற வழியில் பெட்டிகளை மாற்றி வைத்தாலும் அது அதே வழியாகவே இருக்கிறது. மற்ற நாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ள, இது மட்டும் தனியாக நிற்கிறது. எங்கே வகுக்கலாம், எங்கே வகுக்கக் கூடாது என்பது இந்த ஒரு வரியில் முழுக்க அடங்கியிருக்கிறது. வட்ட மேசையில் உட்கார வைக்கும் கணக்கு, பாசிமணி கோக்கும் கணக்கு எல்லாவற்றிலும் தொந்தரவு கொடுப்பது இதே விஷயம்தான்.

பெட்டி எத்தனை என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டால் அது ராமானுஜனின் வயல். 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 9-ஐ 30 விதமாக, 14-ஐ 135 விதமாக. இந்த எண்ணிக்கைகளை 200 வரை கணக்கிட்டுப் பட்டியல் போட்டவர் பெர்சி மக்மஹோன், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த கணித அறிஞர். கணினி இல்லாத காலம். 200-க்கு வந்த விடை 3972999029388. ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தைச் சரிபார்க்க இந்தப் பட்டியல்தான் கைகொடுத்தது. 4, 9, 14, 19 என்று நாலிலோ ஒன்பதிலோ முடியும் எண்களுக்கு வரும் விடை எப்போதும் ஐந்தால் வகுபடுகிறது என்று ராமானுஜன் கண்டுகொண்டதும் அதே பட்டியலைப் பார்த்துத்தான். பார்த்துக் கண்டுகொண்ட பிறகு அதை நிரூபித்தும் காட்டினார். அவரே பட்டியலில் இருந்து தொடங்கியிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு அவர் மேல் இருந்த பிரியம் இன்னும் கூடியது.

நிரூபித்தார் என்பது முக்கியம். பட்டியல் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் பென்சிலை எடுத்துத் தாங்களே வரைந்து பார்க்க வேண்டும். ஒரு வட்டம் போட்டு அதன் மேல் புள்ளிகள் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டால் இணையுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நாலுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 32 என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். வரைந்து எண்ணினால் 31. (ஆறு புள்ளியையும் சம தூரத்தில் வைத்துவிடாதீர்கள், நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டி 30 ஆகிவிடும்.) ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது, உள்ளே வெட்டும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. ஆறு புள்ளிக்கு 15 கோடு, நாலு நாலாகப் புள்ளிகளைத் தேர்ந்தால் 15 வெட்டும் இடம், முதலில் இருந்த முழு வட்டம் ஒன்று: 31. இரட்டிப்பாகிப் போகிறது என்பது வெறும் தோற்றம். ஏன் என்று காரணம் சொல்ல முடிகிற பட்டியலைத்தான் நம்பலாம். உறைக் கணக்கில் அந்தக் காரணம் அடுக்கிலேயே இருந்தது, இங்கே அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நிரூபண முறைகள் என்ற அலகு எதற்காக இந்தத் தாளில் இருக்கிறது என்பது எனக்கு இந்த வட்டத்தை வரைந்த பிறகுதான் உறைத்தது.

தர்க்கம், பூலியன் சுற்றுகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, பொய் என்று வரக்கூடிய எல்லா விதத்தையும் எழுதுவதுதான் உண்மை அட்டவணை, அதுவே ஒரு முழுப் பட்டியல். மூன்று வாக்கியம் என்றால் எட்டு வரி, எழுதி முடித்தால் விவாதத்துக்கு இடமில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நான் பக்க ஓரத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டேன். பட்டியலுக்கு மொழி தடையாக இல்லை.

தேர்வு இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண். முதல் கேள்வி கட்டாயம், 20 மதிப்பெண். மற்றவற்றில் ஏதாவது மூன்று, பத்துப் பத்தாக. நேரம் பறக்கும். ஆனால் பெட்டிக் கணக்கு வந்தபோது விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நாலு பொருளுக்கு எழுதிப் பார்த்துவிட்டு, எந்த வகை என்று உறுதியானபின் உள்ளே எழுதினேன். அந்த நாலு வரிக்குச் செலவான நேரம் மிகக் குறைவு.

இப்போது சேர்ந்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: புத்தகம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இக்னோ பாட நூல்கள் ஈ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய கேள்வித்தாள்களும் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கின்றன. புத்தகத்தின் வரிசைப்படி தர்க்கத்தில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே அலுப்புத் தட்டிவிடும். நேராக எண்ணும் முறைகள் அலகுக்குப் போங்கள். கோடு போடாத வெள்ளைத் தாள் ஒரு கட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயிற்சிக் கணக்கு ஒவ்வொன்றையும் முதலில் மூன்று பொருளுக்கும் அப்புறம் நாலு பொருளுக்கும் எழுதிப் பாருங்கள். தர்க்கத்தை அதற்குப் பிறகு படித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.